குளத்தில் விட வேண்டாம்: அயல்நாட்டு ஆமைகளும் பாம்புகளும் பற்றி அறிந்திருக்க வேண்டியவை

மழை விட்ட ஒரு காலை வேளையில் பூங்காவின் குளக்கரையோரம் நடந்து செல்கிறீர்கள். நீரில் சாய்ந்து கிடக்கும் மரக்கட்டையின் மீது ஓர் ஆமை வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது. அதன் கண்ணுக்குப் பின்னால் குங்குமத்தால் இழுத்துவிட்டாற்போல் ஒரு சிவப்புப் பட்டை. பிள்ளைகள் வியந்து பார்க்கிறார்கள். நீங்களும் ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு நடையைத் தொடர்கிறீர்கள். பார்ப்பதற்கு அழகான காட்சிதான். ஆயினும் அந்த ஆமை அக்குளத்துக்கு உரியதன்று, அவுஸ்திரேலியாவுக்கே உரியதன்று. பெரும்பாலும் அது எங்கோ ஒரு வீட்டின் கண்ணாடித் தொட்டியில் வளர்ந்து, பின்னர் இரக்கத்தின் பேரில் குளத்தில் விடப்பட்ட ஒன்றாகவோ, அவ்வாறு விடப்பட்டவற்றின் குஞ்சாகவோ இருக்கும்.

அயல்நாட்டு ஆமைகளும் பாம்புகளும் சிட்னியின் பூங்காக்களிலும் ஓடைக்கரைகளிலும் வீட்டுத் தோட்டங்களிலும் அவ்வப்போது காணப்படுகின்றன. அவற்றைக் கண்டால் என்ன செய்வது, உங்கள் வீட்டிலேயே அத்தகைய ஒன்று இருந்தால் என்ன செய்வது, சட்டம் என்ன கூறுகிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. நினைவில் இருத்த வேண்டிய செய்தி ஒன்றே: விடுவிக்க வேண்டாம்; தொலைபேசியில் அறிவியுங்கள்.

சட்டம் கூறுவது என்ன?

பிற நாடுகளில் சட்டபூர்வமான ஒரு வழக்கம் இங்கு குற்றமாக இருக்கலாம். சிங்கப்பூரில் சிவப்புக்காது ஆமையை வீட்டில் வளர்ப்பதற்கு அனுமதி உண்டு. இந்திய நகரங்கள் பலவற்றில் வண்ணமீன் கடைகளில் அது விற்கப்பட்டு வந்துள்ளது. வீட்டில் ஆமை இருந்தால் செல்வம் பெருகும் என்று நம்பி வாங்குவோரும் உளர். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று நம் பழமொழி அதற்கு நேர்மாறாகக் கூறுவதும் நீங்கள் அறிந்ததே. இந்த ஆமையைச் சிறு வயது முதல் பார்த்துப் பழகிய ஒருவர், இங்கும் அதை வளர்ப்பதில் தவறில்லை என்று எண்ணுவது இயல்பு.

ஆனால் அவுஸ்திரேலியாவில் நிலைமை வேறு. இந்நாட்டுக்கு உரியதல்லாத எந்த ஊர்வனவற்றையும், அது ஆமையாயினும் பாம்பாயினும் ஓணானாயினும், தனிநபர்கள் செல்லப் பிராணியாக வைத்திருக்க முடியாது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2015 ஆம் ஆண்டின் உயிர்ப்பாதுகாப்புச் சட்டம் இதனை ஒழுங்குபடுத்துகிறது. இச்சட்டம் 2017 ஆம் ஆண்டு யூலை மாதம் நடைமுறைக்கு வந்தது. இதன்படி அயல்நாட்டு ஊர்வனவற்றை வைத்திருத்தல், வாங்குதல், விற்றல், இனப்பெருக்கம் செய்தல், வெளியே விடுவித்தல் ஆகிய அனைத்தும் தடைசெய்யப்பட்டுள்ளன. விதிக்கப்படும் தண்டமும் சிறிதன்று. அன்பளிப்பாகக் கிடைத்தது, இணையத்தில் வாங்கியது, முன்பு குடியிருந்தவர் விட்டுச் சென்றது என்பன அவ்வுயிரினத்தை வைத்திருக்கும் உரிமையை எவருக்கும் தருவதில்லை.

வெளிநாட்டிலிருந்து உயிருள்ள ஊர்வனவற்றைப் பயணப் பொதியிலோ அஞ்சலிலோ கொண்டுவருவதும், இந்நாட்டு ஊர்வனவற்றை அவ்வாறே வெளிநாட்டுக்கு அனுப்புவதும் கூட்டாட்சி அரசின் சட்டப்படி பாரிய குற்றங்களாகும். வனவிலங்குக் கடத்தலுக்கு 10 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். "ஒரு பொதியை மட்டும் உங்கள் பெயரில் அனுப்புகிறேன்" என்று எவரேனும் கேட்டால், உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாமல் இணங்கிவிட வேண்டாம்.

உள்ளங்கை அளவு ஆமை உணவுத்தட்டு அளவாகும்போது

சிவப்புக்காது ஆமை ஆங்கிலத்தில் 'ரெட் இயர்ட் சிலைடர்' எனப்படும். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப்படுகையை அண்டிய பகுதிகளே அதன் தாயகம். முட்டையிலிருந்து வெளிவரும்போது அது ஏறத்தாழ 3 சென்றிமீற்றர் நீளமே இருக்கும். ஒரு நாணயத்தைப் போல உள்ளங்கையில் அடங்கிவிடும். பளிச்சென்ற பச்சை நிறமும் சிவப்புப் பட்டையும் சேர்ந்து விளையாட்டுப் பொருளைப் போல் தோற்றமளிக்கும். அமெரிக்கப் பண்ணைகளிலிருந்து இத்தகைய குஞ்சுகள் கோடிக்கணக்கில் உலகெங்கும் ஏற்றுமதியாயின.

வாங்கும்போது கடைக்காரர் கூறாமல் விடுவது அதன் எதிர்காலத்தை. நன்கு வளர்ந்த பெண் ஆமையின் ஓடு 30 சென்றிமீற்றர் வரை நீளக்கூடும். அதன் ஆயுள் 30 ஆண்டுகளையும் தாண்டலாம். ஆரம்பப் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த ஆமை, அப்பிள்ளை திருமணமாகி வேறு வீடு சென்ற பின்னும் உயிருடன் இருக்கக்கூடும். வளர வளர அது அதிகமாக உண்ணும். நீர் விரைவில் அழுக்காகி நாற்றமெடுக்கும். பெரிய தொட்டியும் வெப்ப விளக்கும் நீர் வடிகட்டியும் தேவைப்படும். கையில் எடுத்தால் கடிக்கவும் செய்யும்.

வாடகை வீட்டில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். வீடு மாற வேண்டியிருக்கிறது; புதிய வீட்டில் இடமில்லை; பிள்ளைக்கும் ஆமையின் மீதிருந்த ஆர்வம் குறைந்துவிட்டது. அதனைக் கொல்ல மனம் வரவில்லை. வைத்திருப்பது சட்டவிரோதம் என்பது இடையில் தெரியவந்ததால் பிறரிடம் கேட்கவும் அச்சமாயிருக்கிறது. இறுதியில் ஓர் இரவு, அருகிலுள்ள குளக்கரைக்குச் சென்று, "எங்காவது நன்றாக இருக்கட்டும்" என்று நீரில் விட்டுவிட்டு வீடு திரும்புகிறார்கள். கெட்ட எண்ணம் எதுவும் அங்கு இல்லை. ஆயினும் தீங்கு தொடங்குவது அந்தக் கணத்திலேதான்.

விடுவித்த பின் நிகழ்வது

குளத்தில் விடப்பட்ட ஆமை இறந்துவிடும் என்றே பலர் நினைக்கிறார்கள். சில இறக்கின்றன. சிவப்புக்காது ஆமையோ குளிரையும் மாசடைந்த நீரையும் தாங்கிப் பிழைக்கும் வலிமை கொண்டது. நீர்த்தாவரம், பூச்சி, தவளைக்குஞ்சு, சிறு மீன் என எதையும் உண்ணும். பெண் ஆமை ஓராண்டில் பல தடவைகள் முட்டையிடும். ஒவ்வொரு தடவையும் 20 முட்டைகள் வரையும், சில வேளைகளில் அதற்கு மேலும் இடும். ஆணுடன் ஒருமுறை சேர்ந்த பெண், விந்தைத் தன் உடலில் சேமித்து வைத்துப் பல மாதங்கள் கழித்தும் கருவுற்ற முட்டைகளை இடவல்லது. ஆகவே "ஒன்றைத்தானே விட்டோம், அது எவ்வாறு பெருகும்?" என்ற கேள்விக்கு இடமில்லை.

உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட, மிக மோசமாகப் பரவும் 100 அயல் உயிரினங்களின் பட்டியலில் இந்த ஆமையும் இடம்பெற்றுள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 1997 ஆம் ஆண்டில் இதன் இறக்குமதியைத் தடை செய்தது. ஐரோப்பாவில் நடத்தப்பட்ட ஆய்வுகளில், வெயில் காயும் சிறந்த இடங்களை இவ்வாமைகள் கைப்பற்றிக்கொள்ள, அந்நாட்டு ஆமைகள் ஒதுங்கிப் போனமை கண்டறியப்பட்டது. வெயில் காய்தல் ஆமைக்குப் பொழுதுபோக்கன்று. உடலைச் சூடாக்கி உணவைச் செரிக்கச் செய்வதற்கு அது இன்றியமையாதது.

நமது பகுதி ஆமைகள் ஏற்கெனவே நெருக்கடியில் உள்ளன. 19 ஆம் நூற்றாண்டில் வேட்டைக்காகக் கொண்டுவரப்பட்ட நரிகள் அவற்றின் முட்டைகளைத் தோண்டி உண்கின்றன. வீதிகளைக் கடக்கையில் பல ஆமைகள் வாகனங்களில் அடிபடுகின்றன. இந்நிலையில் உணவுக்கும் வெயிலுக்கும் முட்டையிடும் கரைக்கும் புதிய போட்டி ஒன்றை அவை தாங்கமாட்டா. மேற்கு சிட்னியின் சிற்றோடைகள் பல பரமட்டா ஆற்றையோ ஜோர்ஜஸ் ஆற்றையோ சென்றடைகின்றன. ஒரு பூங்காக் குளத்தில் விடப்பட்டது, மழைவெள்ளம் பெருகும் காலத்தில் ஆறு வரை போகலாம்.

நோய் மற்றொரு ஆபத்து. 2015 ஆம் ஆண்டில் இம்மாநிலத்தின் வடபகுதியிலுள்ள பெலிங்கர் ஆற்றில், அந்த ஆற்றில் மட்டுமே வாழும் ஓர் ஆமை இனம் சில வாரங்களில் ஏறக்குறைய அழிந்துபோனது. முன்னர் அறியப்படாத ஒரு வைரசே அதற்குக் காரணம். எஞ்சியவற்றில் சில ஆமைகள் மீட்கப்பட்டு, தாரொங்கா மிருகக்காட்சிசாலையில் இனப்பெருக்கம் செய்விக்கப்படுகின்றன. அந்த வைரசை அயல்நாட்டு ஆமை கொண்டுவந்தது என்று கூறுவதற்கில்லை. ஆனால் எதிர்ப்புச் சக்தியற்ற ஓர் இனத்தை ஒரு புதிய நோய் எவ்வளவு விரைவாக வீழ்த்தும் என்பதை அது காட்டியது. தொட்டியில் வளர்ந்த அயல்நாட்டு ஊர்வன எத்தகைய கிருமிகளைச் சுமக்கின்றன என்பதைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது.

காலம் தாழ்த்தினால் என்னவாகும் என்பதற்கு அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் சான்று. தென்கிழக்காசியாவைச் சேர்ந்த பர்மிய மலைப்பாம்புகள் அங்கு செல்லப் பிராணிகளாகப் பெருமளவில் விற்கப்பட்டன. தப்பியவையும் வீட்டுக்காரர்களால் விடப்பட்டவையும் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகின. 2000 ஆம் ஆண்டளவில் அவை அங்கு நிலைகொண்டுவிட்டன என்பது உறுதியாயிற்று. 2012 இல் வெளியான ஆய்வொன்றின்படி, மலைப்பாம்புகள் நீண்டகாலம் வாழ்ந்த பகுதிகளில் ரக்கூன்களைக் காணும் வாய்ப்பு 99 சதவீதத்துக்கும் மேலாகவும், பொப்கட் எனும் காட்டுப்பூனையைக் காணும் வாய்ப்பு 87 சதவீதத்துக்கும் மேலாகவும் வீழ்ச்சியடைந்திருந்தன. அப்பாம்புகளை முற்றாக அகற்றுவது இன்று இயலாத காரியமாகிவிட்டது. தாயகமான ஆசியக் காடுகளிலோ அதே பாம்பு அருகிவரும் இனமாகக் கணிக்கப்படுகிறது.

இதற்கு மாறாக, குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பிரிஸ்பேன் நகருக்கு வடக்கேயுள்ள சில குளங்களில் சிவப்புக்காது ஆமைகள் இனப்பெருக்கம் செய்வது ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் தெரியவந்தபோது, அதிகாரிகள் உடனடியாகச் செயற்பட்டனர். குளங்களை வற்றச் செய்தும், பொறிகள் வைத்தும், மோப்ப நாய்களைப் பயன்படுத்தியும் அவற்றை அகற்றினர். ஆரம்பத்திலேயே தெரியவந்தால் தடுக்க முடியும். அதற்கு முதலில் பார்ப்பவர்கள் நடைப்பயிற்சி செய்வோரும் தோட்டம் செய்வோரும் பிள்ளைகளுமே.

ஆமையை எவ்வாறு இனங்காண்பது?

சிட்னிப் பகுதியில் பொதுவாகக் காணப்படும் சுதேச நன்னீர் ஆமைகள் இரண்டு. ஒன்று நீண்ட கழுத்து ஆமை. அதன் கழுத்து பாம்பு போல் நீண்டிருக்கும். தொந்தரவு செய்தால் கடும் நாற்றமுள்ள திரவத்தை வெளியேற்றும். மற்றையது குறுங்கழுத்து ஆமை. அதன் வாயோரத்திலிருந்து கழுத்து நோக்கி வெளிர்மஞ்சள் கோடு ஒன்று செல்லக்கூடும். பின்வரும் அடையாளங்கள் உதவும்:

• சிவப்புப் பட்டை: கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை இருப்பின் அது அயல்நாட்டு ஆமை என்று கருதலாம். சுதேச ஆமையின் கோடு வெளிர்மஞ்சளாக இருக்குமேயன்றிச் சிவப்பாக இராது. எனினும் வயதான சிவப்புக்காது ஆமைகளில் நிறம் மங்கி, உடல் முழுவதும் கறுத்துப் போவதுண்டு.

• தலையை மறைக்கும் விதம்: இது நம்பகமான அடையாளம். சுதேச நன்னீர் ஆமைகள் அச்சமுற்றால் கழுத்தைப் பக்கவாட்டில் மடித்து, ஓட்டின் விளிம்புக்குக் கீழே தலையை வைத்துக்கொள்ளும். சிவப்புக்காது ஆமையோ தலையை நேராக ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். ஊரில் கண்ட ஆமைகள் பல இவ்வாறே தலையை உள்ளிழுப்பதால், நமக்கு இயல்பாகத் தோன்றும் காட்சியே இங்கு அயல் அடையாளமாகிறது.

• கழுத்தும் கால்களும்: சிவப்புக்காது ஆமையின் கழுத்திலும் கால்களிலும் மெல்லிய மஞ்சள் கோடுகள் பல நெருக்கமாகக் காணப்படும்.

• அடிப்பகுதி: சிவப்புக்காது ஆமையின் வயிற்றோடு மஞ்சள் நிறத்தில் கருந்திட்டுகளுடன் இருக்கும்.

ஐயம் இருப்பின் நீங்களே முடிவு செய்ய வேண்டியதில்லை. புகைப்படம் எடுத்து அறிவித்தால் அதிகாரிகள் உறுதிப்படுத்துவர்.

மழைக்குப் பின் சாலையைக் கடந்து செல்லும் ஆமை பெரும்பாலும் சுதேச நீண்ட கழுத்து ஆமையாகவே இருக்கும். ஒரு நீர்நிலையிலிருந்து மற்றொன்றுக்குத் தரைவழியாகச் செல்வது அதன் இயல்பு. அதனை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். உங்களுக்கு ஆபத்தில்லை எனில், அது செல்லும் திசையிலேயே சாலையின் மறுபக்கத்தில் விடலாம். காயமுற்றிருந்தால் வனவிலங்கு மீட்புச் சேவையை அழையுங்கள்.

பாம்பைக் கண்டால்

சிட்னியில் அவ்வப்போது அகப்படும் அயல்நாட்டுப் பாம்பு, வட அமெரிக்காவைச் சேர்ந்த 'கோர்ன் சினேக்' எனப்படும் சோளப்பாம்பு. செம்மஞ்சள் உடலில் கருவிளிம்புடன் கூடிய சிவந்த திட்டுகளும், வயிற்றில் சதுரங்கப் பலகை போன்ற கறுப்பு வெள்ளைக் கட்டங்களும் அதன் பொதுவான தோற்றம். வளர்ப்போர் உருவாக்கிய வேறு நிறங்களும் உண்டு. அதற்கு நஞ்சு இல்லை. எனினும் நமது பகுதிகளின் தட்பவெப்பத்தில் அது எளிதில் பிழைக்கும். சிறு பறவைகளையும் பல்லி இனங்களையும் உண்ணும். சுதேசப் பாம்புகளுக்கு நோய் பரப்பக்கூடும். தென் அமெரிக்காவைச் சேர்ந்த போவாப் பாம்புகளும் சட்டவிரோதமாக வளர்க்கப்பட்டு அகப்பட்டுள்ளன.

ஆனால் இந்த விவரங்களை நம்பிப் பாம்பின் அருகே செல்ல வேண்டாம். மேற்கு சிட்னியில் கிழக்குப் பழுப்புப் பாம்பும், செவ்வயிற்றுக் கருநாகமும் வாழ்கின்றன. பழுப்புப் பாம்பின் கடி உயிரைப் பறிக்கவல்லது. அதன் குட்டிகளில் சில கோடுகளுடன் பிறப்பதால் வேறு இனமென்று மயங்கவும் கூடும். எந்தப் பாம்பையும் நஞ்சுள்ளதாகவே கருதுங்கள். பிள்ளைகளையும் வளர்ப்பு நாய் பூனைகளையும் உள்ளே அழைத்துக்கொண்டு, தூரத்திலிருந்து பார்த்து, உரிமம் பெற்ற பாம்பு பிடிப்பவரை அல்லது வனவிலங்கு மீட்புச் சேவையை அழையுங்கள். அடிக்கவோ கொல்லவோ முயல வேண்டாம். சுதேசப் பாம்புகள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. மேலும், பாம்பைக் கொல்லவோ பிடிக்கவோ முயலும்போதே பலர் கடிபடுகின்றனர்.

எவரேனும் கடிபட்டால் உடனே 000 ஐ அழையுங்கள். கடிபட்டவரை நடக்க விடாமல் அசையாது இருக்கச் செய்யுங்கள். கடிவாயின் மேல் அகலமான மீள் பண்டேஜைச் சுற்றி, பின்னர் விரல்களிலிருந்து மேல்நோக்கிக் கை அல்லது கால் முழுவதையும் உறுதியாகச் சுற்றி, தடியொன்றை வைத்து அசையாமற் கட்டுங்கள். ஊர் வழக்கப்படி கயிற்றால் இறுக்கிக் கட்டுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல், கடிவாயைக் கழுவுதல் ஆகியவற்றைச் செய்ய வேண்டாம்.

அயல்நாட்டு ஊர்வனவற்றைக் கண்டால் செய்ய வேண்டியவை

1. தூரத்திலிருந்தே புகைப்படம் எடுங்கள். ஆமையாயின் தலையின் பக்கத்தோற்றம் தெரிவது நல்லது.

2. இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பூங்காவின் பெயர், அருகிலுள்ள வீதி, குளத்தின் எப்பக்கம் என்பவை அதிகாரிகளுக்கு உதவும்.

3. மாநில உயிர்ப்பாதுகாப்பு உதவித் தொலைபேசியை 1800 680 244 என்ற எண்ணில் அழையுங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயங்கினால், முதலில் 131 450 ஐ அழைத்துத் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேட்டு, அவ்வெண்ணுடன் இணைக்குமாறு கோரலாம்.

4. அயல்நாட்டு ஆமை என்று ஐயப்படும் ஒன்று உங்கள் தோட்டத்தில் நடமாடினால், பெரிய பிளாஸ்ரிக் கூடையைக் கவிழ்த்து மூடி, மேலே பாரம் வைத்துவிட்டு உடனே அழையுங்கள். வெயிலில் வைக்க வேண்டாம். அருகிலுள்ள குளத்துக்கு எடுத்துச் செல்லவும் வேண்டாம். பாம்பிடம் இவ்வாறு ஒருபோதும் முயல வேண்டாம்.

5. பொதுக் குளத்தில் உள்ளதை நீங்களே பிடிக்க முயல வேண்டாம். சுதேச ஆமையைத் தவறுதலாகப் பிடித்தால் அதுவும் சட்டமீறலாகும்.

பார்த்ததை அறிவிப்பதால் உங்கள் மீது பழி எதுவும் வராது. உங்கள் தோட்டத்துக்கு அந்த ஆமை தானாக வந்திருப்பின் அது உங்கள் குற்றமன்று.

உங்கள் வீட்டிலேயே ஒன்று இருந்தால்

இப்பகுதியைப் படிப்போரில் சிலருக்கு இதுவே முதன்மையான கேள்வியாக இருக்கும். ஆகவே நேர்மையாகக் கூறுகிறோம். அயல்நாட்டு ஊர்வனவற்றை வைத்திருப்பது குற்றம்; அதனை வெளியே விடுவது மேலும் ஒரு குற்றம். வேறொருவருக்குக் கொடுப்பதும் விற்பதும் தீர்வாகா. அவை பொறுப்பை மற்றொரு வீட்டுக்கு மாற்றுவதோடு, அக்குடும்பத்தையும் சட்டச் சிக்கலில் தள்ளும். ஒரே வழி, மேற்கூறிய உயிர்ப்பாதுகாப்பு உதவித் தொலைபேசியை அழைத்து, நிலைமையை விளக்கி, எவ்வாறு ஒப்படைப்பது என்று கேட்பதேயாகும். சட்டப்படி உங்கள் நிலை பற்றிக் கவலை இருந்தால், இலவசச் சட்ட ஆலோசனை வழங்கும் சமூகச் சட்ட நிலையம் ஒன்றுடன் முதலில் பேசலாம். அங்கும் உரைபெயர்ப்பாளர் வசதி உண்டு.

ஒப்படைத்த ஆமை திரும்பக் கிடைக்காது. பல சமயங்களில் அது மிருக வைத்தியரால் நோவின்றி உயிர்நீக்கம் செய்யப்படும். எவ்வுயிருக்கும் தீங்கு செய்யலாகாது என்று வளர்க்கப்பட்ட நமக்கு இது மனவருத்தம் தருவதே. ஆனால் குளத்தில் விடுவதன் மூலம் உயிர்க்கொலையைத் தவிர்த்துவிட்டோம் என்று கொள்ள முடியாது. இடமும் உணவும் இழந்து அருகும் சுதேச ஆமைகளும், உண்ணப்படும் தவளைகளும், பின்னர் பிடித்து அழிக்க வேண்டிவரும் அதன் நூற்றுக்கணக்கான குஞ்சுகளும் நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவே. ஒப்படைப்பதால் இழப்பு ஓர் உயிரோடு நிற்கிறது.

பிள்ளைகளிடம் இதனை மறைக்காமல் கூறுங்கள். "ஆமை குளத்துக்குப் போய்விட்டது" என்று கூறும் ஆறுதல், நாளை அதே பிள்ளை வேறொன்றைக் குளத்தில் விடுவதற்கு வழிகாட்டும். தவறு ஆமையுடையதும் அன்று, பிள்ளையுடையதும் அன்று. அது இங்கு வந்திருக்கவே கூடாத ஓர் உயிர் என்பதைப் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள்.

இதே விதி வண்ணமீன்களுக்கும் நீர்த்தாவரங்களுக்கும் பொருந்தும். தொட்டி நீரையோ மீனையோ ஓடையிலும் மழைநீர் வடிகாலிலும் கொட்ட வேண்டாம்.

ஊர்வன வளர்க்க விரும்பினால்

சட்டப்படியான வழி உண்டு. நீண்ட கழுத்து ஆமை, நீலநாக்கு அரணை, சில மலைப்பாம்பு இனங்கள் முதலிய சுதேச ஊர்வனவற்றை, தேசியப் பூங்கா மற்றும் வனவிலங்குச் சேவையிடம் உரிமம் பெற்று வளர்க்கலாம். அவற்றை உரிமம் பெற்றவர்களிடமிருந்தே வாங்க வேண்டும்; காட்டிலிருந்தோ குளத்திலிருந்தோ பிடித்து வரக்கூடாது. வாங்கும் முன் வீட்டு உரிமையாளரின் அனுமதி, தொட்டிக்கான இடம், ஊர்வனவற்றுக்குச் சிகிச்சையளிக்கும் மிருக வைத்தியர், இன்னும் 20 அல்லது 30 ஆண்டுகளுக்கு அதனைப் பராமரிக்கப்போவது யார் என்பன பற்றிச் சிந்தியுங்கள். விற்பவர் உரிம எண்ணைக் காட்ட மறுத்தால் வாங்க வேண்டாம்.

சுகாதாரத்திலும் கவனம் தேவை. ஆமை, பாம்பு, ஓணான் ஆகியவை நலமுடன் தோன்றினாலும் சல்மொனெல்லாக் கிருமியைச் சுமக்கக்கூடும். சிறு பிள்ளைகள் ஆமைக்குஞ்சுகளை வாயில் வைத்து நோயுற்றமையால், அமெரிக்கா 1975 ஆம் ஆண்டிலேயே 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளின் விற்பனையைத் தடைசெய்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள், கர்ப்பிணிகள், முதியோர், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தோர் ஆகியோர் அதிக அவதானத்துடன் இருக்க வேண்டும். ஊர்வனவற்றையோ தொட்டியையோ தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகளைக் கழுவுங்கள். தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம்.

பயனுள்ள தொலைபேசி எண்கள்

• உயிராபத்து, பாம்புக்கடி: 000
• நியூ சவுத் வேல்ஸ் உயிர்ப்பாதுகாப்பு உதவித் தொலைபேசி (அயல்நாட்டு ஊர்வனவற்றைக் கண்டால் அல்லது ஒப்படைக்க): 1800 680 244
• வயர்ஸ் வனவிலங்கு மீட்புச் சேவை (காயமுற்ற சுதேச விலங்குகள், பாம்பு பற்றிய ஆலோசனை): 1300 094 737
• நச்சுத் தகவல் நிலையம்: 13 11 26
• மொழிபெயர்ப்பு மற்றும் உரைபெயர்ப்புச் சேவை (தமிழ்): 131 450

பூங்காக் குளங்களைப் பராமரிப்பது நகரசபையின் பணி; அயல்நாட்டு விலங்குகளை அகற்றும் அதிகாரம் மாநில அரசாங்கத்தினுடையது. ஆகவே முதலில் உயிர்ப்பாதுகாப்பு உதவித் தொலைபேசியை அழையுங்கள். பின்னர் எமது வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கும் தெரிவித்தால், அக்குளத்தை எமது ஊழியர்களும் கவனித்து வருவர். அடுத்த முறை குளக்கரையில் வெயில் காயும் ஆமையைக் கண்டால், ஒரு கணம் நின்று அதன் கண்ணுக்குப் பின்னால் பாருங்கள்.